கோமாளி முகம் எங்கே போனது?

போன மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு எல்லா வேசமும் வந்தது. மன்மதன் வந்தார். ரதி வந்தார். ஓலையோடு தூதன் வந்தான். வீரபத்திரனை இடுப்பில் கயிறு போட்டு நாலு பேர் இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எமனைக் கண்டதும் வழமைபோலச் சின்னதுகள் தாய்மாரின் சேலைக்குள் புகுந்தன. கோமாளி மட்டும் வரவில்லை.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடியக் காமன் பொட்டலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கப் போகிற நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பி, "பபூன் வரலியா தம்பி? ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். பொட்டல் தோட்டத்து நிலம். லைட்டுக்குக் கரண்ட் ஸ்டோரில் இருந்து இழுக்க வேண்டும். கடைசி இரவு முடிந்து மறுநாள் காலையில் பிரட்டுக்குப் பிந்தி வரவும் அனுமதி வேண்டும். இந்த மூன்றையும் கேட்டு கோயில் கமிட்டியும் சங்கக் கிளையும் சேர்ந்து கடிதம் கொடுத்தோம். எல்லாம் தரலாம், ஆனால் நிர்வாகத்தையும் உத்தியோகத்தர்களையும் கேலி பண்ணுகிற பகுதி இருக்கக் கூடாது என்று பதில் வந்தது. நாங்கள் கூடி ஒரு மணித்தியாலம் பேசினோம். லைட் இல்லாமல் எப்படி, மறுநாள் பேர் போடாவிட்டால் என்ன செய்வது என்று பல நியாயங்களைச் சொல்லி, சரி என்று எழுதிக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டவர்களில் நாங்களும் உண்டு. ஆகவே இதை நிர்வாகத்தைத் திட்டுவதற்காக மட்டும் எழுதுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அதற்கு முந்திய வருடம் கோமாளி என்ன செய்தார் என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மற்றத் தோட்டத்து உறவுகளுக்காகச் சொல்கிறோம். இரண்டு சிரட்டையைக் கயிற்றில் கட்டித் தராசு செய்துகொண்டு வந்தார். கொழுந்துச் சாக்கோடு ஒரு பையனை நிறுத்தி நிறுத்தார். "இருவது கிலோ. தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு, முத்தலுக்கு ஒண்ணு, எம் மூஞ்சிக்கு ஒண்ணு!" என்று கழித்தார். பொட்டலே சிரித்தது. ஓரமாக நின்ற உத்தியோகத்தர்கூட முதலில் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் ஒவ்வொருவராக, "மூஞ்சிக்கு எவ்வளவுங்கய்யா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பல வருடமாகச் சங்கம் கடிதம் எழுதிக் கேட்ட கேள்வி அது. அன்றைக்குத்தான் அது ஆட்களின் வாயில் வந்தது.

அதைச் சொன்னது ஒரு முகம். அந்த மனிதரை வேசம் இல்லாமல் பார்த்தால் மலையில் கவ்வாத்து வெட்டுகிற, அதிகம் பேசாத ஆள். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றால் தலையைக் குனிந்துகொள்வார். பாதி முகம் வெள்ளை, பாதி முகம் கறுப்பு, ஒரு புருவம் மேலே ஒரு புருவம் கீழே, மூக்கில் சிவப்பு என்று எழுதி முடித்த பிறகு அவருக்கு எங்கிருந்தோ வாய் வந்துவிடும். தோட்டத்தில் யாரும் "நீ ஏன் அப்படிச் சொன்னாய்" என்று அவரைக் கேட்பதில்லை. கோமாளி சொன்னான், அவ்வளவுதான். 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டுப் போராடிய வருடங்களில் ஒருமுறை, காகிதத்தில் வரைந்த ஆயிரம் ரூபா நோட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்து, "தொடாதீங்க, இது பேச்சுவார்த்தையில இருக்கு" என்றாரே! 2015இல் தொடங்கிய அந்தக் கோரிக்கை வர்த்தமானியில் வர 2021 ஆனது. அந்த ஆறு வருடத்தில் நாங்கள் மேடையில் பேசியதில் ஒரு வரியும் ஆட்களுக்கு நினைவில்லை. இது நினைவிருக்கிறது.

எங்கள் கூத்து மாஸ்டருக்கு எழுபது கடந்துவிட்டது. முகம் எழுதுவது அவர்தான். கோமாளியை நிறுத்தியதைச் சொல்ல அவரிடம் போனபோது அவர் கோபப்படவில்லை. சிரட்டைக் கரியை அம்மியில் இழைத்துக்கொண்டே, "மத்த மூஞ்சியெல்லாம் முன்னாடியே எழுதி வச்சது சேர். எமன்னா இப்பிடி, சிவன்னா இப்பிடி. கோமாளி மூஞ்சி மட்டுந்தான் வருசா வருசம் நாம எழுதுறது. அத வேணாங்கிறீங்க, சரி" என்றார். அந்தச் "சரி" இன்னமும் எங்களுக்குக் குத்துகிறது.

நம்முடைய கூத்தில் மரமுகமூடி பெரிதாகக் கிடையாது. நாம் முகமூடியைத் தோலிலேயே எழுதுகிறவர்கள். சிரட்டைக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் கறுப்பு. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. வெள்ளைக்குப் பவுடர். தூரிகைக்கு ஈர்க்கு, உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று. எங்கள் மாஸ்டர் எமனுக்கு எழுத ஒன்றரை மணித்தியாலம் எடுப்பார். கண்ணைச் சுற்றி எழுதத் தொடங்கியதும் எமன் வேசக்காரர் பேசக் கூடாது, பொட்டலில் இறங்கும் வரை வாய் திறக்கக் கூடாது. காப்புக் கட்டி விரதம் இருந்த உடம்பு, அதற்கு மேல் இந்த முகம், அதற்கு மேல் தப்புச் சத்தம். அந்த ஆள் அப்போது நம்முடைய பக்கத்து லயத்து மாமா இல்லை. பிள்ளைகளுக்கு அது தெரிகிறது, அதனால்தான் அழுகிறார்கள்.

கிரீடமும் புஜமும் மார்புப் பதக்கமும் அவர் செய்ததுதான். முள்முருக்குக் கட்டையைச் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார். மன்மதன் கிரீடத்தின் மினுக்கம் என்ன தெரியுமா? பழைய தேயிலைப் பெட்டிக்குள் விரித்து வந்த ஈயத்தாள். நாம் பறித்த தேயிலை சீமைக்குப் போக, மிஞ்சிய தாள் நம்முடைய சாமி தலையில் ஏறியிருக்கிறது. இப்போது பெட்டி இல்லை, காகிதப் பைதான். ஆகவே அந்தத் தாளும் இனி வராது. இருக்கிற கிரீடத்தை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கிரீடங்களுக்கு முன் வேறு கிரீடங்கள் இருந்தன. அவை ஒரு தகரப் பெட்டியில் தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டன. 1948இல் பிரஜாவுரிமை பறிபோய், 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஆட்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தபோது, மாஸ்டரின் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்தது. கூத்துப் பெட்டி அண்ணன் கையில் இருந்தது. இங்கே மிஞ்சியவர் பார்த்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு முதலில் இருந்து செதுக்கினார். எத்தனை தோட்டங்களில் செதுக்க ஆள் மிஞ்சவில்லையோ, அங்கெல்லாம் கூத்து அந்த வருடங்களிலேயே நின்றிருக்கும்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம், ஏனென்றால் எங்களுக்கு உண்மையில் உறைத்தது அங்கேதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சித்திரப் பாடத்தில், "இலங்கையின் பாரம்பரிய முகமூடி ஒன்றை வரையுங்கள்" என்று சொன்னோம். வகுப்பே நாக ராட்சச முகமூடியை வரைந்தது. தலையைச் சுற்றிப் படம் எடுத்த பாம்புகள், வெளியே தள்ளிய கண், பெரிய பல். அழகாகத்தான் வரைந்திருந்தார்கள். பின் வாங்கில் ஒரு பையன் மட்டும் வேறு ஏதோ வரைந்து, நாங்கள் கிட்டே போனதும் அழிறப்பரால் தேய்த்துவிட்டான். தேய்த்த இடத்தில் கரி அப்பிய ஒரு கன்னம் மிச்சம் இருந்தது. "எமனா?" என்று கேட்டோம். "அது இல்ல சேர், அது நம்ம தோட்டத்துது" என்றான்.

அது இல்ல, அது நம்ம தோட்டத்துது. இலங்கையின் பாரம்பரியம் என்றால் தன்னுடைய தோட்டத்தில் இருப்பது அதில் சேராது என்று பதின்மூன்று வயதில் அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லாமலேயே தெரிந்திருக்கிறது. 2023இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்த நடைபவனியில், நாங்கள் மலையகத் தமிழர், இந்த நாட்டு மக்கள் என்றுதான் சொன்னோம். சொன்னது பிள்ளையின் சித்திரக் கொப்பி வரை போய்ச் சேரவில்லை.

அந்தப் பிள்ளைகள் வரைந்த முகமூடியின் ஊர் அம்பலாங்கொடை. காலிக்குப் போகிற கரையோரப் பாதையில் இருக்கிறது. அங்கே முகமூடி செதுக்குகிற குடும்பங்கள் உண்டு, பட்டறைகள் உண்டு, முகமூடிக்கென்றே நூதனசாலையும் உண்டு. எடை குறைந்த கதுரு மரத்தில் செதுக்குகிறார்கள், ஆடுகிறவன் கழுத்து தாங்க வேண்டும் அல்லவா. சிங்கள மக்களின் இந்தக் கலையை நாம் பொறாமையோடு பார்க்கக் கூடாது, கற்றுக்கொள்ளப் பார்க்க வேண்டும். அவர்களிடம் பதினெட்டுச் சன்னி என்று ஒரு சடங்கு இருக்கிறது. செவிடு, ஊமை, குருடு, முடம் என்று நோய்க்கு ஒரு முகம். நோய் இரவில் முகமூடி போட்டு ஆடி வரும், அதோடு பேசிச் சிரித்துத் துரத்திவிடுவார்கள். கோலம் என்று இன்னொரு ஆட்டம். கர்ப்பிணியாக இருந்த அரசிக்கு முகமூடி ஆட்டம் பார்க்கும் மசக்கை வந்ததாம், அதற்காகப் பிறந்த ஆட்டம் என்று கதை.

அந்தக் கோலத்தில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ராசாவும் ராணியும் வருகிறார்கள், ராட்சசர் வருகிறார்கள். கூடவே முதலியார் வருகிறார், ஆராச்சி வருகிறார், பொலிஸ்காரர் வருகிறார். வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்து ஆளை மிரட்டிய உத்தியோகத்தர் எல்லோருக்கும் ஒரு மரமுகம் செதுக்கி, அதைப் போட்டுக்கொண்டு ஆடிச் சிரித்திருக்கிறார்கள். கரையோரத்துச் சிங்களக் கிராமத்தானுக்கும் மலையில் கவ்வாத்துக் கத்தியோடு நிற்கிற நம்முடைய ஆளுக்கும் ஒரே யோசனைதான் வந்திருக்கிறது. நேராகச் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு முகம் வேண்டும்.

ஆனால் அம்பலாங்கொடையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. இன்று அந்த முகமூடிகளில் பெரும்பாகம் ஆடுவதற்குச் செய்யப்படுவதில்லை. உல்லாசப் பயணிகள் வாங்கிப் போகச் செய்யப்படுகின்றன. வீட்டு வாசலிலும் ஹோட்டல் சுவரிலும் தொங்குகின்றன. கலைஞன் சாப்பிட வேண்டும், அதைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. என்றாலும் சுவரில் தொங்குகிற ஆராச்சி முகத்தைப் பார்த்து இன்று எந்த ஆராச்சியும் வெட்கப்படப் போவதில்லை.

நமக்கும் ஒரு சுவர் தயாராகிக்கொண்டிருக்கிறது. பெரிய மனிதர் யாராவது தோட்டத்துக்கு வந்தால், அல்லது டவுனில் ஏதாவது விழா என்றால், "உங்க காமன் கூத்த அஞ்சு நிமிசம் போடுங்களேன்" என்று கேட்கிறார்கள். பகல் வெயிலில், விரதம் இல்லாமல், மன்மதனும் ரதியும் மாலை போட்டு வரவேற்க நிற்கிறார்கள். இதை ஏற்பாடு செய்கிறவர்கள் பல நேரம் நாங்கள்தான், சங்கக்காரரும் வாத்திமாரும். போகவே கூடாது என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் கவனித்தோம். அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்த இடத்திலும் கோமாளியை அழைத்ததில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளா நடக்கிறது. அங்கே நரசிம்மர் முகமூடியைக் கோயிலில் வைத்துப் பூசை செய்கிறார்கள். நம்முடைய பாட்டன் பூட்டன் பலர் புறப்பட்டு வந்தது திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளில் இருந்துதான். வேசத்தை விளையாட்டாக எடுக்காத பழக்கம் அங்கிருந்து நம்மோடு வந்தது. எங்கள் தோட்டத்தில் இன்றும் வேசம் கலைத்த தண்ணீரை மிதிபடாத இடத்தில்தான் ஊற்றுகிறார்கள். இப்போது என்ன நடக்கிறது? டவுன் கடையில் பிளாஸ்டிக் பேய் முகமூடி வாங்கி எமனுக்கு மாட்டுகிறார்கள். சில்வர் பெயின்டைச் சிவனுக்குப் பூசி, அந்தப் பையன் ஒரு கிழமை கன்னம் வெந்து வேலைக்குப் போகாமல் கிடந்தான். இரும்புக்குப் பூசுகிற பெயின்டை முகத்தில் பூசாதீர்கள், பிள்ளைகள் கேட்டாலும் விடாதீர்கள்.

சம்பளத்துக்கே வழியில்லை, காணியும் வீடும் இல்லை, இந்த நேரத்தில் சங்கப் பத்திரிகையில் கூத்தும் கோமாளியுமா என்று சில தோழர்கள் கேட்பார்கள். எங்கள் கிளைக் கூட்டத்திலேயே கேட்டார்கள். பொட்டல் யாருடையது என்ற கேள்வி காணிக் கேள்வி இல்லையா? இருநூறு வருடம் இருந்த இடத்தில் ஒரு இரவு கூத்துப் போட, எந்த வேசம் வரலாம் எந்த வேசம் வரக் கூடாது என்று இன்னொருவர் சொல்கிறார், நாம் தலையாட்டுகிறோம். காணியும் வீட்டு விலாசமும் நம்முடைய பெயரில் இருந்தால் அந்தப் பேச்சு எழாது. கிலோ கழிப்பதைக் கேட்பது சங்க வேலை என்றால், அதைக் கேட்டதற்காக ஒரு முகத்தை அழித்தபோது பேசுவதும் சங்க வேலைதான்.

சரி, நம்முடைய முகத்தையும் கொஞ்சம் கண்ணாடியில் பார்ப்போம். மாஸ்டரிடம் தொழில் பழக ஏன் பையன்கள் வரவில்லை? கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்பது பாதிப் பதில். மீதிப் பதில் நமக்குத் தெரியும், சொல்ல மாட்டோம். தப்பு அடிக்கிறவரை இன்னமும் சாதி சொல்லிக் கூப்பிடுகிற லயம் இருக்கிறது. இரவெல்லாம் அடித்து ஓய்ந்தவருக்குக் கடைசியில், தனியாகச் சோறு போடுகிற இடம் இருக்கிறது. ரதி மன்மதன் வேசம் இன்ன குடும்பத்துக்கு, எமனும் கோமாளியும் இன்ன குடும்பத்துக்கு என்று எழுதாத சட்டம் இருக்கிறது. பொட்டலில் சாமியாகக் கும்பிட்டு, விடிந்ததும் கோடியில் நிறுத்தினால் எந்தப் பையன் பழக வருவான்? இதை நிர்வாகம் செய்யவில்லை. நாம் செய்கிறோம். பெண் பிள்ளைகள் விசயமும் அப்படித்தான். முகம் எழுத எங்கள் பள்ளிக்கூடத்தில் கை நேராக நிற்பது இரண்டு பெண் பிள்ளைகளுக்கு. ஆண்கள் ரதி வேசம் கட்டலாம், பெண் பிள்ளை எமனுக்குக் கரி தீட்டக் கூடாதாம். மாஸ்டரிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "கை நடுங்காம இருந்தாச் சரி" என்றார். கமிட்டியில்தான் இன்னும் முணுமுணுப்பு.

2018இல் யுனெஸ்கோ நம்முடைய நாட்டின் நூல்பொம்மை நாடகத்தை உலகப் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. அதுவும் அம்பலாங்கொடைப் பக்கத்துக் குடும்பங்கள் காத்து வந்த கலைதான். பட்டியலில் சேர முதலில் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும், படம் எடுத்திருக்க வேண்டும், பழகுகிற இளவட்டம் இருக்க வேண்டும். காமன் கூத்தைப் பற்றி மலையக எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் எமன் முகம் எப்படி, எந்த மாஸ்டர் எழுதினார், கிரீடம் எதில் செய்தது என்ற விவரம் அந்தந்தத் தோட்டத்துக் கிழவர் தலைக்குள்தான் இருக்கிறது. எங்கள் மாஸ்டர் போன மாதம் கண்புரைக்கு ஒப்பரேசன் செய்துகொண்டார். அதற்கு முன் ஒரு வருடம் கண் தெரியாமல், விரலால் தடவித்தான் முகம் எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது ஒப்பரேசன் முடிந்த பிறகுதான் தெரிய வந்தது.

இந்த வருடம் கிளைக் கூட்டத்தில் மூன்று விசயம் எழுதி ஒப்பமிட்டோம். பொட்டலுக்கும் லைட்டுக்கும் கடிதம் கொடுப்போம், வேசப் பட்டியலை யாரிடமும் காட்ட மாட்டோம். கரண்ட் தர மறுத்தால் பெற்றோல்மாக்ஸ் வாடகைக்கு எடுக்கக் கிளைக் காசில் ஒதுக்கியிருக்கிறோம், முன்னொரு காலத்தில் தீப்பந்தத்தில் ஆடிய கூத்துதானே. தப்படிக்கிறவர்களுக்கும் வேசக்காரருக்கும் ஒரே பந்தியில், முதல் பந்தியில் சோறு. இதைக் கோயில் கமிட்டி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் மூன்று மணிக்கு மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். இதுவரை பதினொரு பிள்ளைகள் பழகுகிறார்கள். அழிறப்பரால் தேய்த்த பையனும் வருகிறான். ஒருவர் முகத்தில் ஒருவர் எழுதிப் பார்க்கிறார்கள், பிறகு குழாயடியில் வரிசையாக நின்று கழுவுகிறார்கள், வீட்டில் சட்டைக் கழுத்தைப் பார்த்துத் திட்டு விழுகிறது என்று புகார். பழைய கிரீடம், புஜம், பதக்கம், கூத்துப் படம் எதுவானாலும் வைத்திருக்கிறவர்கள் தூக்கிப் போட வேண்டாம், கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள், படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம். பழைய தேயிலைப் பெட்டி யாருடைய அட்டலிலாவது கிடந்தால் அதையும் சொல்லுங்கள், ஈயத்தாள் தேவை.

கவ்வாத்துக்காரர் முதலில் மறுத்தார். "நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க" என்றார். இரண்டாவது தடவை நாங்கள் போனபோது மாஸ்டரும் கூட வந்தார். இந்த வருடம் என்ன முகம் என்று அவர்கள் இருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தராசு வேண்டாம், இந்த முறை ஒரு பேனாவும் கடதாசியும் போதும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.